சொந்தப் பொருளைப் பழுதுபார்க்கும் உரிமை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழுதுபார்க்கும் உரிமை என்று எதைச் சொல்கிறார்கள்?

விலை கொடுத்து வாங்கிய பொருள் கெட்டுப்போனால் அதை நாமே சரிசெய்துகொள்ளவோ, நமக்கு நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துச் சரிசெய்துகொள்ளவோ தடை இருக்கக் கூடாது என்பதே இதன் சாரம். சட்டைப் பொத்தான் அறுந்தால் அதைத் தைத்த தையற்காரரிடம்தான் போயாக வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் மின்னணுச் சில்லும் மென்பொருளும் புகுந்துவிட்ட பொருள்களில் உதிரிபாகம், சர்வீஸ் கையேடு, தனிவகைக் கருவி, புதிய பாகத்தை ஏற்கச் செய்யும் மென்பொருள் ஆகிய நான்கும் தயாரித்த நிறுவனத்தின் கைக்குள்ளேயே இருக்கின்றன. இந்த நான்கையும் நியாயமான விலையிலும் நிபந்தனையிலும் உரிமையாளருக்கும் வெளியில் தொழில் செய்யும் மெக்கானிக்குக்கும் கிடைக்கச் செய்வதே இன்று இந்தப் பெயரில் இயற்றப்படும் சட்டங்களின் நோக்கமாகும்.

இதோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படும் வேறொன்றும் உண்டு. வாங்கிய பொருளில் தொடக்கத்திலேயே குறை இருந்தால் விற்றவர் அதை இலவசமாகச் சரிசெய்தோ மாற்றியோ தர வேண்டும் என்பது பழைய நுகர்வோர் சட்டம் தரும் உரிமை. வாரண்டி முடிந்த பிறகு, யார் மீதும் குற்றமில்லாமல், தேய்மானத்தாலோ நம் கை தவறியோ பொருள் கெடும்போது என்ன வழி என்பதுதான் பழுதுபார்க்கும் உரிமையின் கேள்வி. முதலாவதில் நாம் இழப்பீடு கேட்கிறோம். இரண்டாவதில் காசு கொடுத்து வாங்கத் தயாராக இருந்தும் பாகம் கிடைக்கவில்லை என்று முறையிடுகிறோம்.

பொருள் என்னுடையது, அதைத் திறப்பதற்கு எனக்குச் சட்டம் எதற்கு?

திறப்பதற்குத் தேவையில்லை. பெரும்பாலான நாடுகளில் சொந்தப் பொருளைக் கழற்றிப் பார்ப்பது ஒருபோதும் குற்றமாக இருந்ததில்லை. சிக்கல் மறுபடி மூடும்போதுதான் தொடங்குகிறது: மூடிய பிறகு அது முன்போலவே முழுமையாக இயங்க வேண்டும். அந்த இடத்தில் உடைமை உரிமை மட்டும் போதவில்லை. ஏனென்றால் பொருளின் உடல் உங்களுடையதாக இருந்தாலும், அதை இயக்கும் மென்பொருளை நீங்கள் வாங்கவில்லை, பயன்படுத்த உரிமம் மட்டுமே பெற்றிருக்கிறீர்கள் என்று பொருளை முதலில் இயக்கும்போது ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று நாம் தொட்டுவிட்டுக் கடந்துபோகும் அந்த நீண்ட பத்திரம் சொல்கிறது.

தயாரிப்பாளர்கள் பழுதுபார்ப்பதை எந்தெந்த வகையில் கடினமாக்குகிறார்கள்?

ஒரு கைபேசியின் பேட்டரியை மாற்றுவதை எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய எல்லா வகையும் வரிசையாக வந்துவிடும். முதலில் உறை. முன்பெல்லாம் நகத்தால் நெம்பினால் பின்மூடி கழன்று வந்தது. இப்போது கண்ணாடியின் விளிம்பைச் சூடேற்றிப் பசையை இளக்கி, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை இடுக்கில் நுழைத்து, உள்ளே குறுக்கே ஓடும் பட்டைக் கேபிள் அறுந்துவிடாதபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றிவர வேண்டியிருக்கிறது. அடுத்து திருகு. கடையில் கிடைக்கும் சாதாரணத் திருப்புளி சேராத ஐந்து இதழ்த் தலை கொண்ட திருகுகள் சில போன்களில் உண்டு. பிறகு பேட்டரியே பசையால் ஒட்டப்பட்டிருக்கும். அதன் அடியில் இருக்கும் ஒட்டுநாடாவின் வாலைப் பிடித்து மெல்ல இழுத்தால் அது ரப்பர் போல நீண்டு வரும். பாதியில் அறுந்துவிட்டால் பேட்டரியை நெம்பித்தான் எடுக்க வேண்டும், நெம்பும்போது வளைந்தாலோ கீறல் விழுந்தாலோ தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. இத்தனையையும் கடந்து புதிய பேட்டரியைப் பொருத்தி மூடினால், இது அசல் பாகம்தானா என்று உறுதிசெய்ய இயலவில்லை என ஓர் அறிவிப்பு திரையில் வந்து நிற்கும். பேட்டரியின் ஆரோக்கியத்தைக் காட்டும் பக்கம் வெறுமையாகிவிடும்.

இதில் பசை வடிவமைப்பைச் சேர்ந்தது, திருகு கருவியைச் சேர்ந்தது, அறிவிப்பு மென்பொருளைச் சேர்ந்தது. இவற்றோடு அசல் பேட்டரியை வெளியாருக்கு விற்காமலிருப்பது, கழற்றும் முறையைக் கையேட்டில் வெளியிடாமலிருப்பது ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். துவைக்கும் இயந்திரங்களிலும் இதே கதைதான்: தொட்டியின் இரு பாதிகளையும் திருகி இணைக்காமல் உருக்கி ஒட்டிவிட்டால், உள்ளே தேய்ந்துபோன சிறிய பேரிங்கை மாற்ற முழுத் தொட்டியையும் வாங்க வேண்டியதாகிறது, அதன் விலையைக் கேட்டதும் பெரும்பாலோர் புதிய இயந்திரத்துக்கே போய்விடுகிறார்கள்.

பாகப் பிணைப்பு என்பது என்ன? அதற்கு ஏன் இவ்வளவு எதிர்ப்பு?

திரை, பேட்டரி, கேமரா போன்ற ஒவ்வொரு பாகத்துக்கும் தொழிற்சாலையிலேயே ஒரு வரிசை எண்ணைக் கொடுத்து, அந்த எண்ணை மதர்போர்டின் நினைவகத்தில் பதிந்துவைப்பதே பாகப் பிணைப்பு. பாகத்தை மாற்றினால் எண் பொருந்தாது. நிறுவனத்தின் மென்பொருளைக் கொண்டு புதிய எண்ணைப் பதிந்தால்தான் சாதனம் அதை ஏற்கும். ஏற்காவிட்டால் சில சமயம் அறிவிப்பு மட்டும் வரும். சில சமயம் ஒரு வசதி முடங்கும். சில சமயம் பாகமே இயங்காது. ஒரே மாதிரியான இரண்டு புதிய போன்களை வாங்கி அவற்றின் அசல் பாகங்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தினாலும் சில மாடல்களில் இந்த மறுப்பு வந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. அங்கே பாகத்தின் தரத்தில் குறையே இல்லை. அனுமதி மட்டும் இல்லை.

என் பார்வையில் இந்த உரிமையின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. பசையைச் சூடேற்றி இளக்கலாம், வினோதத் திருகுக்கு ஒரு வாரத்தில் யாராவது திருப்புளி செய்துவிடுவார்கள், கையேடு இல்லாவிட்டாலும் அனுபவசாலி ஒருவர் கழற்றிப் பார்த்துப் புரிந்துகொள்வார். நிறுவனத்தின் சர்வரில் இருக்கும் சாவியை எந்தக் கைத்திறனாலும் ஈடுகட்ட முடியாது. இரண்டு உடைந்த போன்களிலிருந்து ஒரு நல்ல போனைத் தேற்றும் தொழிலுக்கும் இதுவே முட்டுக்கட்டை.

இதை முதலில் நேரடியாகத் தடைசெய்த அமெரிக்க மாநிலம் ஓரிகன். 2024 மார்ச்சில் அங்கு இயற்றப்பட்ட சட்டம், 2025 ஜனவரி 1-க்குப் பிறகு தயாரிக்கப்படும் சாதனங்களில் வெளியாரின் பாகத்தை மென்பொருளால் முடக்குவதையும் தவறாக வழிநடத்தும் எச்சரிக்கைகளைக் காட்டுவதையும் தடுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் கைபேசிகளுக்கும் டேப்லெட்டுகளுக்கும் நடைமுறைப்படுத்திய விதிகளோ பிணைப்பை முற்றாக விலக்கவில்லை. பிணைப்புக்கான மென்பொருளைத் தொழில்முறைப் பழுதுபார்ப்பவர்களுக்குப் பாகுபாடின்றித் தர வேண்டும் என்கின்றன.

நானோ வெளி மெக்கானிக்கோ திறந்தால் வாரண்டி போய்விடுமா?

இந்த ஒரு பயம்தான் பலரைத் தடுத்துவைத்திருக்கிறது; சட்டம் சொல்வதைவிட இந்தப் பயம் பெரிதாக வளர்க்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் 1975-ஆம் ஆண்டு மேக்னுசன்-மாஸ் வாரண்டிச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட நிறுவனத்தின் பாகத்தையோ சேவையையோ மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று வாரண்டிக்கு நிபந்தனை விதிக்க முடியாது. அந்தப் பாகத்தையோ சேவையையோ இலவசமாகத் தந்தால், அல்லது அரசிடம் தனி விலக்குப் பெற்றால் மட்டுமே முடியும். ‘இந்த ஸ்டிக்கர் கிழிந்தால் வாரண்டி செல்லாது’ என்று திருகின் மேல் ஒட்டப்படும் வில்லைகள் இந்தச் சட்டத்துக்கு முரணானவை என அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2018-இல் ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ஸ்டிக்கர் இன்னும் முழுதாக மறைந்துவிடவில்லை. அதற்குச் சட்ட வலு இல்லாவிட்டாலும் படிப்பவரின் கையை அது நிறுத்திவிடுகிறதே, அந்த வேலைக்காகவே அது அங்கே ஒட்டப்பட்டிருக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நீங்கள் செய்த பழுதுபார்ப்பினாலேயே புதிய கோளாறு வந்தது என்று காட்ட முடிந்தால், அந்தக் கோளாறுக்குப் பொறுப்பேற்க நிறுவனம் மறுக்கலாம், அது நியாயமும்கூட. பேட்டரியை மாற்றும்போது திரையின் கேபிளை அறுத்துவிட்டுத் திரைக்கு வாரண்டி கேட்பது எடுபடாது. ஆனால் பேட்டரியை மாற்றியதைக் காரணம் காட்டி, தொடர்பே இல்லாத ஸ்பீக்கர் கோளாறுக்கு மறுப்பது வேறு விஷயம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் நிலைமை இன்னும் தெளிவாக இருக்கிறது. அங்கே நிறுவனம் தன் விருப்பப்படி தரும் வாரண்டி ஒருபுறமிருக்க, விற்றவரே குறைந்தது 2 ஆண்டுகளுக்குப் பொறுப்பேற்கும் சட்ட உத்தரவாதம் தனியாக உண்டு. முதல் ஓராண்டுக்குள் தெரியவரும் குறை, பொருளை ஒப்படைக்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு விற்றவருடையது.

எந்தெந்த நாடுகளில் இதற்குச் சட்டம் இருக்கிறது?

அதிக தூரம் சென்றிருப்பது ஐரோப்பிய ஒன்றியம். அங்கே இது படிப்படியாக வளர்ந்தது. 2021 மார்ச்சிலிருந்து துவைக்கும் இயந்திரம், பாத்திரம் கழுவும் இயந்திரம், குளிர்பதனப் பெட்டி, தொலைக்காட்சி ஆகியவற்றுக்கு, அந்த மாடலின் விற்பனை நின்ற பிறகும் 7 முதல் 10 ஆண்டுகள்வரை உதிரிபாகம் வைத்திருக்க வேண்டும் என்று விதி வந்தது. அதில் ஒரு குறை இருந்தது: முக்கியமான பாகங்கள் பலவும் தொழில்முறைப் பழுதுபார்ப்பவர்களுக்கு மட்டுமே, சொந்தமாகச் சரிசெய்ய விரும்புபவருக்குக் கதவின் ரப்பர் பட்டை, தட்டு போன்றவைதான். கைபேசிகளுக்கான 2025 விதிகளில், விற்பனை நின்றபின் 7 ஆண்டுகள் பாகம், 5 முதல் 10 வேலை நாள்களுக்குள் விநியோகம், 5 ஆண்டுகள் இயங்குதளப் புதுப்பிப்பு ஆகியவை சேர்ந்தன. எடுத்து மாற்றக்கூடிய பேட்டரி என்ற கட்டளை, சில விலக்குகளோடு, 2027 பிப்ரவரி 18 முதல் வருகிறது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது 2024/1799 என்ற எண் கொண்ட ஆணை. உறுப்பு நாடுகள் 2026 ஜூலை 31 முதல் அதை நடைமுறைப்படுத்த வேண்டும் என்பது கெடு. அதன்படி, பட்டியலிடப்பட்ட பொருள்களைச் சட்ட உத்தரவாதக் காலம் முடிந்த பிறகும் நியாயமான விலையில் தயாரிப்பாளர் சரிசெய்து தர வேண்டும். வேறொருவர் முன்பு கை வைத்துவிட்டார் என்பதை மட்டும் காரணம் காட்டி மறுக்கக் கூடாது. தக்க காரணமில்லாமல் ஒப்பந்த விதியாலோ, வன்பொருளாலோ, மென்பொருளாலோ பழுதுபார்ப்பைத் தடுக்கக் கூடாது. உத்தரவாதக் காலத்துக்குள் குறை வந்து, புதிய பொருளுக்குப் பதில் பழுதுபார்ப்பையே நுகர்வோர் தேர்ந்தெடுத்தால், உத்தரவாதம் மேலும் ஓராண்டு நீளும். புதிதாக மாற்றித் தரச் சொல்வதே லாபம் என்ற எண்ணத்தை இந்தக் கடைசி விதி கொஞ்சம் அசைத்துப்பார்க்கும் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவில் நாடு முழுமைக்குமான சட்டம் இல்லாததால் மாநிலங்கள்தான் முன்னெடுத்தன. நியூயார்க்கின் சட்டம் 2023 டிசம்பர் இறுதியிலும், கலிபோர்னியா, மினசோட்டா ஆகியவற்றின் சட்டங்கள் 2024 ஜூலை 1-இலும் நடைமுறைக்கு வந்தன. பிரான்ஸ் 2021 ஜனவரி முதல் பழுதுபார்ப்புக் குறியீட்டைக் கட்டாயமாக்கியது. அதைப் பற்றிக் கீழே பார்க்கலாம். கனடாவில் கியூபெக் மாகாணம் 2023-இல் தனிச் சட்டம் இயற்றியது. ஆஸ்திரேலியா வாகனங்களுக்கு மட்டும் 2022 ஜூலை முதல் தகவல் பகிர்வைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்து, அதே ஆண்டு டிசம்பரில் பழுதுபார்ப்புத் தகவல்களுக்கான இணையவாயிலைத் தொடங்கியது.

என் நாட்டில் சட்டம் இருந்தால் பழைய பொருளுக்கும் அது பொருந்துமா?

பெரும்பாலும் ஒரு வெட்டுத் தேதி இருக்கும். அதைப் பார்க்காமல் வாதாடப் போவது வீண். நியூயார்க் சட்டம் 2023 ஜூலை 1-க்குப் பிந்திய சாதனங்களுக்கு மட்டுமே. கலிபோர்னியா 2021 ஜூலை 1 வரை பின்னோக்கிச் சென்று, 50 டாலர் முதல் 100 டாலருக்குள் உள்ள பொருளுக்குத் தயாரிப்பு நின்றதிலிருந்து 3 ஆண்டுகளும், 100 டாலரும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு 7 ஆண்டுகளும் பாகமும் கையேடும் கருவியும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. எந்தச் சட்டமானாலும் விலக்குப் பட்டியலையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வீடியோ கேம் கன்சோல்கள் பல மாநிலச் சட்டங்களில் வெளியே நிற்கின்றன.

மென்பொருள் பூட்டை உடைத்தால் பதிப்புரிமை மீறலாகுமா?

இது நுணுக்கமான இடம். அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டு டிஜிட்டல் மில்லேனியம் பதிப்புரிமைச் சட்டத்தின் 1201-ஆம் பிரிவு, பதிப்புரிமை உள்ள படைப்பைக் காக்கும் மின்னணுப் பூட்டைத் தாண்டுவதையே குற்றமாக்குகிறது. திரைப்படத் திருட்டைத் தடுக்க எழுதப்பட்ட அந்த வாசகம், டிராக்டரின் உள்ளே ஓடும் மென்பொருளும் ஒரு படைப்புதான் என்பதால் டிராக்டருக்கும் வந்து சேர்ந்தது. 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை விலக்குகளைப் பரிசீலிக்க அதே சட்டம் இடம் தருகிறது; 2015-இல் வாகனங்கள், 2018-இல் கைபேசிகளும் வீட்டுச் சாதனங்களும், 2021-இல் மேலும் பலவகை நுகர்வோர் சாதனங்கள், 2024-இல் கடைகளில் உணவு தயாரிக்கும் இயந்திரங்கள் என்று பழுதுபார்ப்புக்கான விலக்கு விரிந்துவந்திருக்கிறது. ஆனாலும் ஒரு விந்தை எஞ்சியிருக்கிறது: பூட்டைத் திறக்க உங்களுக்கு அனுமதி உண்டு, திறக்கும் கருவியைச் செய்து உங்களுக்கு விற்க இன்னொருவருக்கு அனுமதி இல்லை. கனடா தன் பதிப்புரிமைச் சட்டத்தை 2024 நவம்பரில் திருத்தி, பழுதுபார்ப்புக்காகப் பூட்டைத் தாண்டுவதற்கு நிலையான விலக்கு அளித்தது.

கண்டுபிடிப்புகளுக்கு வழங்கப்படும் காப்புரிமையைப் (பேடண்ட்) பொறுத்தவரை வழி எளிது. 2017-இல் பிரிண்டர் மை உறை தொடர்பான லெக்ஸ்மார்க் வழக்கில், ஒரு பொருளை விற்றவுடனேயே அந்தப் பொருளின் மீது விற்றவருக்கு இருந்த காப்புரிமை தீர்ந்துபோகிறது, விற்பனை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் காப்புரிமை வழக்கு நிற்காது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

டிராக்டர் என்று சொன்னீர்களே, விவசாய இயந்திரத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

உண்மையில் இந்த இயக்கத்துக்கு வேகம் கொடுத்தவர்களில் விவசாயிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. நவீன அறுவடை இயந்திரத்தில் ஒரு சென்சார் பிழைக்குறியீடு காட்டினால் இயந்திரம் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் அல்லது நின்றுவிடும். சென்சாரை மாற்றத் தெரிந்த விவசாயியாக இருந்தாலும் பிழைக்குறியீட்டை அழிக்க டீலரின் மென்பொருள் வேண்டும். கதிர் முற்றி நிற்கிறது, மழை வரப்போகிறது, டீலரின் ஆள் நாலு நாள் கழித்து வருவார் என்றால் அந்த நாலு நாளின் நட்டம் பழுதுக் கூலியைவிடப் பல மடங்கு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2023-இல் விவசாய இயந்திரங்களுக்கென்றே சட்டம் இயற்றியது. 2025 ஜனவரியில் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் இதே விவகாரத்தில் ஜான் டியர் டிராக்டர்களைத் தயாரிக்கும் டியர் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது.

அதே கொலராடோ 2022-இல் மின்சக்கர நாற்காலிகளுக்கு உரிமை வழங்கியது. நாற்காலி நின்றுபோனால் படுக்கையிலிருந்து நகரவே முடியாத ஒருவருக்குச் சேவை மையத்தின் காத்திருப்புப் பட்டியல் என்றால் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை.

கார்களில் இது பழைய செய்தி. மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-இல் இயற்றிய சட்டத்தைத் தொடர்ந்து, 2014-இல் கார் நிறுவனங்கள் நாடு முழுவதும் அதே விதிகளை ஏற்க ஒப்பந்தம் செய்துகொண்டன. ஆயினும் கார் கம்பியில்லாமல் நிறுவனத்துக்கு அனுப்பும் தகவல் அதில் அடங்கவில்லை. அதையும் சேர்த்து 2020-இல் அம்மாநில வாக்காளர்கள் பெரும்பான்மையாக நிறைவேற்றிய சட்டம் பல ஆண்டுகள் வழக்கில் சிக்கிக் கிடந்தது.

பாதுகாப்புக்காகத்தான் தடுக்கிறோம் என்கிறார்களே, அதில் உண்மை இல்லையா?

கொஞ்சம் உண்டு. லித்தியம் பேட்டரியைக் குத்திவிட்டால் அது சில நொடிகளில் பொங்கி எரியக்கூடும். மைக்ரோவேவ் அடுப்பின் கெபாசிட்டர், இணைப்பைப் பிடுங்கிய பிறகும் 2,000 வோல்ட்டுக்கு மேல் தேக்கிவைத்திருக்கக்கூடும். அந்த மின்சாரத்தைப் பாதுகாப்பாக வெளியேற்றத் தெரியாதவர் அதைத் தொடவே கூடாது. நீர்புகா உறையைத் திறந்து பசையை ஒழுங்காக ஒட்டாவிட்டால் அடுத்த மழையில் போன் போய்விடும். திருடிய போனைப் பாகம் பாகமாகப் பிரித்து விற்பதைப் பிணைப்பு ஓரளவு தடுக்கிறது என்பதையும் முழுதாகத் தள்ளிவிட முடியாது.

ஆனால் இந்த வாதங்கள் தடையை நோக்கித்தான் போக வேண்டுமா? ஆபத்தான இடம் எது என்று தெரிந்தவர் தயாரிப்பாளர்தான். அதைக் கையேட்டில் எழுதி வெளியிடுவதல்லவா பாதுகாப்புக்கு முதல் வழி. கையேட்டை மறைத்தாலும் மக்கள் திறக்கத்தான் செய்கிறார்கள். எச்சரிக்கை இல்லாமல் திறக்கிறார்கள். அசல் பேட்டரி கிடைக்காதபோது தரமற்ற போலிப் பேட்டரிதான் உள்ளே போகிறது. காரின் பிரேக்கை எந்தப் பட்டறையிலும் மாற்றிக்கொள்ள நெடுங்காலமாக அனுமதித்துவிட்டு, அதைவிட ஆபத்து குறைந்த பொருளுக்குப் பாதுகாப்பைக் காரணம் காட்டுவது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. கூட்டாட்சி வர்த்தக ஆணையமும், 2021 மே மாதம் வெளியிட்ட விரிவான அறிக்கையில், தயாரிப்பாளர்கள் சொல்லும் காரணங்களுக்குப் போதிய சான்று இல்லை என்ற முடிவுக்கே வந்தது. திருட்டைப் பொறுத்தவரை, களவுபோனதாகப் பதிவான போனின் பாகத்தை மட்டும் பூட்டினால் போதும். ஆப்பிள் நிறுவனம் 2024-இல், பயன்படுத்திய அசல் பாகங்களையும் ஏற்கும்படி தன் முறையை மாற்றும்போது அந்தத் திசையிலேயே சென்றது.

எனக்குத் திருப்புளி பிடிக்கவே தெரியாது. இந்தச் சட்டத்தால் எனக்கு என்ன பயன்?

உங்களைப் போன்றவர்களுக்குத்தான் பயன் அதிகம். சொந்தமாகக் கழற்றுபவர்கள் எப்போதும் சிறுபான்மைதான். பாகமும் கையேடும் வெளியில் கிடைத்தால் அருகிலிருக்கும் மெக்கானிக் அந்த வேலையை எடுத்துக்கொள்வார். அவர் ஒரு கூலி சொன்னால் சேவை மையமும் தன் கூலியைக் குறைத்துச் சொல்ல வேண்டிவரும். போர்டு முழுவதையும் மாற்ற வேண்டும் என்று சேவை மையம் சொல்லும் இடத்தில், அதிலுள்ள ஒரே ஒரு சிறிய கெபாசிட்டரை எடுத்துவிட்டு வேறொன்றைச் சால்டர் செய்யும் தொழிலாளிகள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தேவைப்படுவது சர்க்யூட் வரைபடம் மட்டுமே. தன்னார்வலர்கள் கூடி மற்றவர்களின் பொருள்களைச் சரிசெய்து கொடுக்கும் ரிப்பேர் கஃபேயும் உண்டு. 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டின் போஸ்ட்மா தொடங்கிய அது இன்று பல நாடுகளில் நடக்கிறது.

சுற்றுச்சூழலுக்கு இதனால் பெரிய மாற்றம் வருமா?

2022-இல் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்ததாகவும், அதில் 22.3 சதவீதம் மட்டுமே முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகவும் ஐ.நா. அமைப்புகளின் கணக்கு சொல்கிறது. கைபேசி போன்ற சிறு சாதனத்தின் கரியமில உமிழ்வில் பெரும்பங்கு அதைத் தயாரிக்கும்போதே ஏற்பட்டுவிடுவதால், இருப்பதை இன்னும் இரண்டு ஆண்டு ஓட்டுவதே அதில் பெரிய சேமிப்பு. குளிர்பதனப் பெட்டி போல மின்சாரத்தை இடைவிடாமல் குடிக்கும் பழைய பொருள்களுக்கு இந்தக் கணக்கு சில சமயம் மாறும்.

வாங்கும்போதே சரிசெய்ய எளிதான பொருளை எப்படிக் கண்டுகொள்வது?

பிரான்சில் சில வகைப் பொருள்களுக்கு விலைச் சீட்டுக்குப் பக்கத்திலேயே 10-க்கு எத்தனை மதிப்பெண் என்று ஒட்டியிருக்க வேண்டும். கையேடு கிடைப்பது, கழற்றுவதன் எளிமை, பாகம் கிடைப்பது, பாகத்தின் விலை, அந்தப் பொருளுக்கே உரிய தனி அம்சம் என்ற ஐந்தையும் வைத்து அது கணக்கிடப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் கைபேசி லேபிளிலும் 2025 ஜூன் முதல் பழுதுபார்ப்புக்கு ஏ முதல் இ வரை ஒரு தரவரிசை இருக்கிறது. வேறு நாட்டில் வாங்குபவரும் அதே மாடலின் இந்த மதிப்பெண்ணை இணையத்தில் தேடிப் பார்க்கலாம்.

அது கிடைக்காவிட்டால், அந்த மாடலுக்கான பேட்டரியும் திரையும் தனியாக விற்கிறார்களா, என்ன விலை என்று வாங்கும் முன்பே விசாரியுங்கள். மடிக்கணினியானால் ராம் நினைவகமும் சேமிப்பகமும் போர்டோடு சால்டர் செய்யப்பட்டவையா என்று கேளுங்கள். பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த ஆண்டுவரை வரும் என்பதையும் மறக்க வேண்டாம். பாகம் கிடைத்தும் மென்பொருள் காலாவதியாகிப் பயனற்றுப்போன சாதனங்கள் நிறைய உண்டு.

சரிசெய்யக் கொடுக்கும் போனில் என் தகவல்கள் இருக்கின்றனவே?

காப்பு நகல் எடுத்துவிட்டு முழுவதையும் அழித்துக் கொடுப்பதே நல்லது. அழிக்க இயலாதபோது, சில போன்களில் உள்ள பழுதுபார்ப்பு நிலையை இயக்கிக் கொடுக்கலாம். அதில் சாதனத்தைச் சோதிக்க முடியும், உங்கள் படங்களும் செய்திகளும் தெரியாது. கடவுச்சொல்லைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். பேட்டரி மாற்ற அது தேவையே இல்லை.

சேவை மையம் பாகம் தர மறுத்தாலோ, புதிதாக வாங்கச் சொன்னாலோ என்ன செய்வது?

முதலில் அந்த மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். கவுண்டரில் வாய்மொழியாகச் சொல்வதை எழுதித் தரச் சொன்னால் பதில் மாறுவதும் உண்டு. மாடல் எண், வரிசை எண், வாங்கிய தேதி, கேட்ட பாகத்தின் பெயர் ஆகியவற்றைக் குறிப்பிட்டு நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலுக்கு ஒரு தேதியைக் குறிப்பிடுங்கள். சட்ட உத்தரவாதக் காலத்துக்குள் என்றால், தயாரித்த நிறுவனத்தைவிட விற்ற கடையிடம் கேட்பதே பல நாடுகளில் முறையானது. அவர்கள் உங்களை நிறுவனத்திடம் திருப்பிவிட முயன்றால் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. இதிலும் பலனில்லாவிட்டால் உங்கள் நாட்டின் நுகர்வோர் ஆணையமோ சிறு வழக்கு நீதிமன்றமோதான் அடுத்த படி. அங்கே ரசீதும் இந்தக் கடிதங்களும் பேசும்.

வேலையை ஒப்புக்கொண்டு பாகத்தை மாற்றினால், கழற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உண்மையில் மாற்றினார்களா என்பது தெரியும். கெட்டது எது என்று இன்னொரு மெக்கானிக்கிடம் காட்டவும் முடியும். பேட்டரி மட்டும் விதிவிலக்கு: உப்பிய பேட்டரியை வீட்டுக்கு எடுத்து வராமல், படம் எடுத்துக்கொண்டு அங்கேயே விட்டுவிடுங்கள்.